கதை எழுதுதல் என்னும் தொழில்

ஆக்க இலக்கியத் துறையிற் புகும் இளைஞருக்கு நம்மிடையே இரண்டு வகையான உபதேசங்கள் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகின்றன. எழுத்தென்பது பிறவியில் வாய்க்கும் வரம். உள்ளத்தே ஒளி தோன்றும்போது கதை தானே உருப்பெறும். அது தோன்றாதவன் எத்துணை முயன்றாலும் பயனில்லை என்பது ஒன்று. சமுதாயத்தைப் பற்றிய சரியான நோக்கு அமைந்துவிட்டாற் போதும், ஏனையவை அதன் பின்னே தாமாக வந்துசேரும் என்பது மற்றையது. முன்னதை அழகியல்வாதிகள் கூறுவர். பின்னதை நம்மவர் சிலரே கூறி வருகின்றனர். இவ்விரு கூற்றுக்களும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஓரிடத்தில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. எழுதுபவன் மேசைமுன் அமர்ந்து நாள்தோறும் பழக வேண்டியதில்லை என்பதே அவ்விடம்.

உழைப்பைப் போற்றுவதே தனது முதல் நியதி என்று கூறும் இலக்கிய இயக்கத்தைச் சார்ந்தவன், தன் சொந்த உழைப்பின் விபரங்களை மட்டும் மறைபொருளாக வைத்திருப்பது விசித்திரமானது. கால் கோணிய மேசையொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் நெஞ்சு ஏழைகளின் பக்கமே நிற்பதாக ஒரு தச்சன் சொல்வானாயின், நாம் அவனுக்குக் கூலி கொடுப்பதில்லை. கதாசிரியனுக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு? அறுபதுகளின் தொடக்கத்தில் மரபு பற்றிய விவாதம் இந்நாட்டில் மூண்டபோது, இழிசனர் வழக்கை இலக்கியத்துட் புகுத்துகின்றனர் என்று பண்டித மரபினர் முற்போக்காளரைச் சாடினர். அவ்விவாதத்தில் முற்போக்காளர் நிலைபெற்றமைக்கு வாதத் திறமை மட்டும் காரணமன்று. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) போன்ற தொகுதிகள் ஏற்கெனவே வாசகர் கையிலிருந்தன. கோட்பாட்டுக்குச் சான்றாக நிற்கத்தக்க கதைகள் இல்லாதிருப்பின், கோட்பாடு வெறும் மேடைப் பேச்சாகவே முடிந்திருக்கும்.

இன்றைய நிலை என்ன? பாடசாலை மட்டத்திலும் பிரதேச மட்டத்திலும் நடைபெறும் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் பிரதிகளைப் படிப்போர் இதனை அறிவர். கதிரவன் கீழ்வானிற் செங்கதிர் பரப்பும்போது கதை தொடங்குகிறது. நாயகனின் கண்களிற் புதியதோர் ஒளி தெரியும்போது அது முடிகிறது. இடையே ஒரு தொழிலாளி வருகிறான். ஆனால் அவன் எந்தத் தொழிலையும் செய்வதில்லை. பெருமூச்சு விடுகிறான், வானத்தை நோக்குகிறான், மனைவியோடு செந்தமிழில் உரையாடுகிறான். அவன் கையில் என்ன கருவி இருக்கிறது, அதன் பெயர் என்ன, அன்று அவனுக்கு எத்தனை ரூபா கிடைத்தது, அதில் எத்தனை ரூபா கடைக்காரனுக்குப் போயிற்று என்பவை கதையில் எங்கும் இல்லை. இத்தகைய கதையின் கருத்து முற்போக்கானதாகவே இருக்கலாம். எனினும் எந்த மக்களைப் பற்றி அது எழுதப்பட்டதோ, அவர்களுள் ஒருவர் அதைப் படிக்க நேர்ந்தால் அதிலே தம்மைக் காணமாட்டார். இதனை நுட்பக் குறை என்று மட்டும் கூறித் தப்பிவிட இயலாது. தெரியாத ஒருவனைத் தெரிந்ததாகப் பாவனை செய்து எழுதுவது அவனுக்குச் செய்யும் அவமரியாதையுமாகும்.

ஆகவே, எழுத விரும்புவோர்க்குக் கைவர வேண்டிய பழக்கங்கள் சிலவற்றைப் பற்றி இங்கே கூற விரும்புகின்றேன். இவை சூத்திரங்களல்ல. மேனாட்டுச் சந்தையிற் சூத்திர நூல்கள் ஏராளம் உண்டு. முதற் பக்கத்தில் ஒரு பிணம், கடைசிப் பக்கத்தில் ஒரு திருப்பம் என்று அவை கற்பிக்கும். ஓ. ஹென்றியின் கதைகளிற் கடைசி வரித் திருப்பத்தை மட்டும் கற்றுக்கொண்டு, அவர் நகரத்துக் கடைச் சிப்பந்திகளையும் வாடகை அறைகளையும் எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதைக் கற்காமல் விட்டவர்கள் தமிழில் இரண்டு தலைமுறையினர்.

முதலில் நேரத்தைப் பற்றி. ஒளி தோன்றும்போது எழுதுவேன் என்பது ஓய்வுள்ளவனின் கோட்பாடு. வயலும் வீடும் வாடகையும் தரும் வருவாயில் இருப்பவன் அதற்காகக் காத்திருக்கலாம். இலங்கையில் தமிழிற் கதை எழுதியோர் அத்தகையவரல்லர். இலங்கையர்கோன் அரசாங்க நிர்வாக உத்தியோகத்தில் இருந்தவர். கனக செந்திநாதனும் வ. அ. இராசரத்தினமும் ஆசிரியர்கள். ஜீவா யாழ்ப்பாண நகரிற் சிகை அலங்கரிக்கும் தொழில் செய்தவர்; அக்கடையே அவருக்குப் படிப்பறையும் பத்திரிகைக் காரியாலயமுமாயிற்று. இவர்கள் எல்லாரும் தொழிலுக்கும் தூக்கத்துக்கும் இடையிற் பிடுங்கி எடுத்த நேரத்திலேயே எழுதினர். அந்நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்ட நேரமாய் இருப்பது நன்று. விடியற்காலை அரைமணி நேரம், அல்லது இரவு விளக்கணைக்கும் முன் அரைமணி நேரம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதுபவனுக்கு ஒரு மாதத்தில் ஒரு சிறுகதையின் முதற்படி கையில் இருக்கும். மறுமாதம் அதைத் திருத்தலாம். ஆண்டொன்றுக்கு ஆறு கதைகள். பத்தாண்டிலே அறுபது. அவற்றுட் பன்னிரண்டு நிலைக்குமாயின் அஃது ஒரு தொகுதி. கணக்கு எளியது, அதைக் கடைப்பிடிப்போர்தாம் அரியர்.

இவ்விடத்து அந்தன் செக்கோவின் வாழ்வு நமக்குப் பெரிதும் பயன்படும். அவர் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த காலத்திலேயே குடும்பத்தைத் தாங்கும்பொருட்டு நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கியவர். அவற்றுள் ஒன்றில் ஓர் ஆக்கத்துக்கு ஏறத்தாழ நூறு வரி என்பதே எல்லை. அந்நெருக்கடி அவருக்குச் சுருக்கத்தைக் கற்பித்தது. ஆனால் அது மட்டும் அவரைச் செக்கோவ் ஆக்கவில்லை. 1886 ஆம் ஆண்டில் மூத்த எழுத்தாளரான கிரிகரோவிச் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவரது ஆற்றலைப் பாராட்டியதோடு, அவசர எழுத்தைக் கைவிடுமாறும் கண்டித்தார். எந்தக் கதைக்கும் தாம் ஒரு நாளுக்கு மேற் செலவிட்டதில்லை என்பதைச் செக்கோவ் தமது மறுமொழியில் ஒளியாமற் கூறியிருக்கின்றார். அதுகாறும் ஆண்டொன்றுக்கு நூறுக்கு மேற்பட்ட சிறு ஆக்கங்களை எழுதியவர், இரண்டே ஆண்டுகளில் அத்தொகையைப் பன்மடங்கு குறைத்துக்கொண்டார். வேகத்தைக் கற்றவர் பின்பு வேகத்தை அடக்கக் கற்றார் என்பதே நாம் நோக்க வேண்டுவது. நம்மிடையே பலர் முதற் படியோடு நின்றுவிடுகின்றனர். வேறு சிலர் முதற் படியில் ஏறாமலே இரண்டாவதைப் பற்றிப் பேசுகின்றனர்.

செக்கோவ் 1890 ஆம் ஆண்டு சகலீன் தீவுக்குச் சென்றார். அது சார் அரசு குற்றவாளிகளை நாடு கடத்திய தீவு. புகையிரதப் பாதை முற்றுப்பெறாத அக்காலத்திற் சைபீரியாவை வண்டியிலும் படகிலும் கடந்து, ஜூலை மாதம் அங்கே சேர்ந்தார். மூன்று மாதம் தங்கினார். குடியிருப்புக் குடியிருப்பாகச் சென்று, ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், எழுத்தறிவு, குடும்ப நிலை முதலியவற்றை அச்சிட்ட அட்டைகளிற் குறித்துக்கொண்டார். அவ்வாறு அவர் நிரப்பிய அட்டைகள் ஆயிரக்கணக்கானவை. உலகப் புகழ்பெற்ற சிறுகதாசிரியர் ஒருவர் குடிசன மதிப்பு எடுக்கும் எழுதுவினைஞர் போல வீடு வீடாய்ச் சென்றார் என்பதை நம் இளைஞர் மனத்திற் பதித்தல் வேண்டும். திரும்பும்போது அவர் கப்பலில் ஹொங்கொங், சிங்கப்பூர் வழியாக வந்து, அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் கொழும்பில் இறங்கிச் சில நாள் தங்கினார். அப்பயணத்தின் பேறாகப் பிறந்த கதை 'குசேவ்'. நோயுற்று ஊர் திரும்பும் சாதாரணப் போர்வீரன் ஒருவன் கப்பலிலேயே இறக்கிறான். அவனது உடலைப் பாய்த்துணியில் வைத்துத் தைக்கின்றனர், அமிழ்வதற்காக இரும்புத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகின்றனர், கடலில் இடுகின்றனர். அக்கதையில் ஓலம் இல்லை. ஏழையின் மரணத்தை அதிகாரம் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு சில்லறை வேலையாகச் செய்து முடிக்கிறது என்பது அந்தத் தையலிலும் இரும்பிலுமே தெரிந்துவிடுகிறது. கப்பலிற் கடலடக்கம் நிகழ்வதைச் செக்கோவ் நேரிற் கண்டவர். இரும்பு வைப்பது எதற்காக என்று கேட்டறியாதவன் அக்கதையை எழுதியிருக்க முடியாது.

எனவே எழுத்தாளன் வைத்திருக்க வேண்டிய முதற் கருவி ஒரு சிறு கொப்பி. நம்மவர் கொப்பியில் எழுதுபவை பெரும்பாலும் உவமைகளும் தத்துவ வரிகளுமே. அவற்றால் அதிக பயனில்லை. அன்று இரவு அற்புதமாய்த் தோன்றும் உவமை ஒரு கிழமைக்குப் பின் கூச்சத்தைத் தரும். கொப்பியில் இடம்பெற வேண்டியவை விலைகள், கருவிகளின் பெயர்கள், ஒரு வேலை எந்த ஒழுங்கிற் செய்யப்படுகிறது என்ற விபரம், யார் யாரை எப்படி அழைத்தார் என்பது, ஒருவர் கோபத்தில் உண்மையாகவே சொன்ன வாக்கியம். யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளியைப் பற்றி எழுத முனைபவன், தளநார் எது, பாளைக்கத்தி எது, முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் என்ன இறங்கும், தடவாவிட்டால் என்ன இறங்கும் என்பவற்றை அறியாமல் எழுதுவானாயின், அவனது நாயகன் பனையில் ஏறமாட்டான். வாக்கியத்தில் மட்டுமே ஏறுவான்.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுதல் நலம். மலையகத்தைப் பற்றிய கதைகளில் நாம் அடிக்கடி காணும் பாணியில் ஒரு பகுதியை நானே புனைந்து தருகின்றேன்:

"மலையகத்தின் பசுமைக்குப் பின்னே எத்தனை துயரம்! முத்தம்மாளின் விரல்கள் பம்பரமாய்ச் சுழன்றன. அவளது இரத்தமே கொழுந்தாய் மாறி முதலாளிகளின் கோப்பைகளை நிறைத்தது. கொடியவனான கணக்கப்பிள்ளை அவளை முறைத்தான். அவள் கண்களில் நீர் ததும்பியது."

இதில் எழுதியவனின் அனுதாபம் உண்மையானதே. ஆயின் நாம் எதையும் காணவில்லை, காணுமாறு கட்டளையிடப்படுகிறோம். முத்தம்மாளுக்கு நேர்ந்த அநீதி யாது என்பது ஐந்து வாக்கியங்களிலும் இல்லை. இனி, பிரட்டுக்களம், நிரை, படங்கு, நிறுவை, அரைப்பேர், கைக்காசு என்னும் சொற்களைத் தோட்டத்திலேயே கேட்டறிந்தவன் எழுதினால் எவ்வாறிருக்கும்?

"பகல் நிறுவையில் முள் பதினொன்றில் நின்றது. கணக்கப்பிள்ளை ஈரத்துக்கும் பைக்குமாக இரண்டைக் கழித்து ஒன்பது என்று எழுதினார். முத்தம்மாள் தராசைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். மழை பெய்து நான்கு நாளாகியிருந்தது."

இரண்டாவதிற் கொடியவன் என்ற சொல் இல்லை, கண்ணீரும் இல்லை. இரத்தம் கொழுந்தாய் மாறவில்லை. ஆனால் களவு நடந்தது என்பதை வாசகன் தானே கண்டுபிடிக்கிறான், கண்டுபிடித்தவன் சினங்கொள்கிறான். அவனுக்காக ஆசிரியன் சினந்துகொள்ளத் தேவையில்லை. ஈரத்துக்கு நிறை கழிக்கும் வழக்கத்தை அறியாதவனுக்கு இந்த ஐந்து வாக்கியங்களும் எட்டா. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961 இல் வெளிவந்தபோது வாசகரைக் கவர்ந்தமைக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. நிறுக்கப்படும் கொழுந்தின் கணக்கு அங்கே ஒரு பெண்ணின் மானத்தோடு பிணைந்துவிடுகிறது. மலையை வெளியிலிருந்து பார்த்துப் பாடியவர்களுக்கு அந்தக் கணக்கு அகப்படவில்லை. (அக்கதை தொகுதியாக வெளிவர 1980 வரை காத்திருக்க நேர்ந்தது என்பது நமது பதிப்புத்துறை பற்றிய வேறொரு கதை.)

அளவைகளையும் கவனித்தல் வேண்டும். ஐம்பதுகளில் நிகழும் தோட்டக் கதையிற் கொழுந்தைக் கிலோவில் நிறுப்பவர்கள் இருக்கின்றனர். அக்காலத்தில் அது இறாத்தல். கடந்த காலத்தைப் பற்றி எழுதுவோர் தமது பாத்திரங்களுக்கு ஒரு வயதுப் பட்டியல் தயாரித்து வைத்திருப்பது பெரும் உதவியாகும். ஒரு தாளின் இடப்புறம் ஆண்டுகளை எழுதுக. வலப்புறம் பாத்திரங்களின் வயதை எழுதுக. 1948 இற் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1983 இல் இனக் கலவரம் என்று ஒரு மலையகக் குடும்பத்துக்கு ஆண்டுகள் அமையும். வடபுலத்துக்கு அவை வேறு. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. 1990 இல் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் ஓர் இரவிற் பெயர்ந்தது. 2009 மே மாதத்தில் வன்னியிற் போர் முடிந்தது. 1995 இல் தாயின் கையைப் பிடித்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த ஆறு வயதுச் சிறுமிக்கு 2009 இற் பத்தொன்பதோ இருபதோ வயது. இப்படி எழுதிப் பார்த்தவுடனேயே கதைக்குள் கேள்விகள் பிறக்கின்றன. அவள் எந்தப் பாடசாலையிற் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள்? எழுதினாளா? சிறு தாளில் இடும் இக்கணக்கு, 'போர் அவளது வாழ்வைச் சூறையாடியது' என்ற வாக்கியத்தைவிட அதிகம் சொல்லும். அவ்வாக்கியத்தை எழுதாமலே விடவும் உதவும்.

அடுத்து உரையாடல். பேச்சு வழக்குக்கு இடம் கேட்டுப் போராடியவர்களின் வழிவந்தோர், கிடைத்த இடத்தை என்ன செய்கின்றனர் என்று பார்க்க வேண்டும். ஒலிகளைச் சிதைத்து எழுதினால் அது மண்வாசனை ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். வாசகன் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டு எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தால், பேச்சின் இயல்பே கெட்டுவிடுகிறது. பேச்சின் உயிர் ஒலித்திரிபில் இல்லை. சொற்றேர்விலும் வாக்கிய ஓட்டத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக விளியிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் நீங்கள், நீர், நீ என மூன்று படிகள் உள்ளன. தமிழகப் பேச்சுவழக்கில் அருகிவிட்ட நடுப்படியான 'நீர்' இங்கே நண்பரிடையும் கணவன் மனைவியிடையும் ஆசிரியர் மாணவரிடையும் இன்றும் வழங்குகிறது. நீங்கள் என்று பேசிவந்த ஒருவர் நடுவிலே நீர் என்று மாறினால், நெருக்கம் கூடியிருக்கலாம், மதிப்புக் குறைந்திருக்கலாம். எது என்பதைச் சூழல் சொல்லும். கதாசிரியன் ஒரு சொல்லும் விளக்க வேண்டியதில்லை. சாதியின் பெயரால் 'நயினார்' என்றும் 'நாச்சியார்' என்றும் அழைக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்ட மக்களின் பிள்ளையொருவன், அதே மனிதரை முதன்முறையாக 'அண்ணை' என்று அழைப்பானாயின், அந்த ஒரு சொல்லே கதையின் உச்சமாக நிற்க முடியும். அதன்பின் நீண்ட சொற்பொழிவு வந்தால் உச்சம் சரிந்துவிடும்.

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) முதலிய நாவல்கள் கட்டமைப்பிற் குறைகள் உடையவை என்று சொல்லப்படுவதுண்டு. ஓரளவு உண்மை. ஆயினும் அவற்றிலே யார் யாரோடு எந்த விளியிற் பேசுகின்றனர் என்பதை மட்டும் ஒருவன் அட்டவணைப்படுத்திப் பார்த்தால், அது யாழ்ப்பாணச் சமூக அமைப்பைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு ஈடாகும். முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்த எஸ். பொன்னுத்துரையிடமும் நாம் கற்க வேண்டியது உண்டு. அவரது கொள்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. 'சடங்கு' (1966) நாவலில் அவர் நடுத்தர வர்க்க யாழ்ப்பாணக் குடும்பத்தின் பேச்சைக் கேட்டிருக்கும் செவியை நாம் ஏற்றே ஆகவேண்டும். கருத்தில் எதிரியாயிருப்பவனிடம் தொழில் கற்க மறுப்பது கட்சிப் பற்றாகாது, சோம்பலாகவே முடியும்.

தொடக்கமும் முடிவும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதையை எழுதி முடித்தபின் அதன் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிடுவது நல்லது, எழுத்தாளர் அதிகம் பொய் சொல்லுமிடங்கள் அவையே என்ற கருத்துப்படச் செக்கோவ் கூறியதாக இவான் புனின் நினைவுகூர்ந்துள்ளார். நம் கதைகளில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. முதற் பந்தியை ஒரு தாளால் மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்க. பத்துக்கு ஏழு கதைகள் எதையும் இழப்பதில்லை. கடைசிப் பந்தியையும் அவ்வாறே மூடுக. அநேகமாக அங்கேதான் செங்கொடி பறந்துகொண்டிருக்கும். கொடி பறப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கதையினுள் யாராவது அதைத் தைத்து, கம்பில் ஏற்றி, தூக்கிப் பிடிப்பதற்காக வேலையை இழந்திருக்க வேண்டும். அப்படியொன்றும் நிகழாமற் கடைசி வரியில் மட்டும் அது பறந்தால், ஆசிரியனே ஒளிந்திருந்து அசைக்கிறான் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடும்.

திருத்தி எழுதுவதே தொழிலின் பெரும்பகுதி. முதற்படியை முடித்தவுடன் பத்திரிகைக்கு அனுப்பும் பழக்கம் நம்மவரிடையே மிகுதி. கைத்தொலைபேசியிலேயே தட்டெழுதி அந்த இரவே அனுப்பிவிடும் வசதி வந்தபின் இது இன்னும் பெருகியிருக்கிறது. பிரதியை இரண்டு கிழமைக்காவது மேசை லாச்சியில் இட்டுப் பூட்டிவிட்டு, வேறொன்றை எழுதத் தொடங்குக. மீண்டும் எடுக்கும்போது அதை எழுதியவன் ஓரளவு அந்நியனாகியிருப்பான். அந்நியனின் குறைகள் நம் கண்ணுக்கு எளிதிற் படும். முதலில் அடைமொழிகளை அடிக்கோடிட வேண்டும். கோர்க்கிக்கு எழுதிய கடிதமொன்றிற் செக்கோவ் இதையே வற்புறுத்தினார். ஒரு பெயருக்கு முன் மூன்று அடைகள் குவிந்தால் வாசகனின் கவனம் சிதறி, மனிதன் எழுந்து வரமாட்டான் என்பதே அவரது கருத்து. பின்பு 'திடீரென', 'ஏனோ', 'இனம்புரியாத' என்னும் சொற்களைத் தேடுக. 'இனம்புரியாத' வருமிடத்தில் எழுதியவனுக்கே இனம் புரியவில்லை; அங்கே மறுபடியும் சிந்திக்க வேண்டும்.

அதன்பின் உரத்து வாசித்தல். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, ஏனையோர் கைவேலை ஓயாமற் கேட்கும் வழக்கம் இருந்தது. அச்செவிகளுக்கு வாசித்துக் காட்டத்தக்கதாக நம் வாக்கியம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். மூச்சுப் பிடியாத வாக்கியத்தை நாக்கு உடனே காட்டிக்கொடுக்கும். உரையாடலின் பொய்மையும் அவ்வாறே. பண்டிதத் தமிழ் பயின்றவர்களுக்கு (பல்கலைக்கழகத்தில் நாலாண்டு தமிழ் கற்ற எம்போன்றோரையும் சேர்த்தே சொல்கின்றேன்) இச்சோதனை இன்றியமையாதது. எதுகை தேடும் பழக்கம் நம் கையை விட்டு எளிதில் அகல்வதில்லை.

எழுத ஒன்றும் தோன்றாத நாட்களில் மொழிபெயர்க்கலாம். இதனை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். புதுமைப்பித்தன் பல நாட்டுச் சிறுகதைகளைத் தமிழாக்கியவர். இலங்கையர்கோன் துர்கனேவின் 'முதற் காதல்' நெடுங்கதையைத் தமிழிலே தந்தவர். மொழிபெயர்ப்பவன் ஒரு கதையைப் படிப்பவனை விடப் பத்து மடங்கு மெதுவாகப் படிக்கிறான். எங்கே பந்தி முறிகிறது, எங்கே ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் விடுகிறார், எந்த இடத்திற் காலம் பின்னோக்கிப் போகிறது என்பவை அப்போதுதான் தெரியவரும். சிங்களத்திலிருந்து நேரே மொழிபெயர்க்கத்தக்கவர் நம்மிடையே இன்னும் போதிய அளவில் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். மார்ட்டின் விக்கிரமசிங்க 'கம்பெரலிய' (1944) நாவலில் தென்னிலங்கைக் கிராமத்து வளவுக் குடும்பமொன்றின் வீழ்ச்சியைக் காட்டுகிறார். அதை ஒரு பத்துப் பக்கமேனும் தமிழில் எழுதிப் பார்ப்பவனுக்கு, வர்க்க மாற்றத்தை வீட்டின் சுவரிலும் கூரையிலும் காட்டும் வித்தை பிடிபடும்.

திறனாய்வு நூல்களைப் படிப்பதா வேண்டாமா என்று கேட்கும் இளைஞர் உளர். க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), கா. சிவத்தம்பியின் 'தமிழிற் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' (1967) ஆகிய இரண்டையும் கட்டாயம் படிக்க வேண்டும். ஓர் இலக்கிய வடிவம் ஏன் ஒரு காலத்திலே தோன்றியது என்பதை அவை விளக்கும். ஆனால் கதை எழுதும் வேளையில் அவற்றை மேசையிலிருந்து எடுத்துவிடுவது உத்தமம். பாத்திரம் ஒன்று வர்க்க நிலைப்பாட்டை விளக்கத் தொடங்கினால், மேசையில் இருக்கும் புத்தகம் அதன் வாயில் ஏறியிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இறுதியாக, பிரதியை யாருக்குக் காட்டுவது? நண்பனுக்குக் காட்டினால் அவன் பாராட்டுவான். இன்னோர் எழுத்தாளனுக்குக் காட்டினால் அவன் தன் கதையைப் பற்றிப் பேசத் தொடங்குவான். கடற்றொழிலாளரைப் பற்றிய கதையாயின் வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுக. இலக்கியச் சுவை பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். எங்கே பிழை என்று மட்டும் கேட்க வேண்டும். இந்தக் காற்றுக்கு அவன் கடலுக்குப் போயிருக்க மாட்டான், தம்பி, என்று அவர் சொல்லக்கூடும். கதையின் நடுப்பகுதி முழுவதும் அந்தக் காற்றின்மேற் கட்டப்பட்டிருக்கலாம். வலையின் கண்ணை விரலால் அளந்தபடியே, அந்த மாதத்தில் எந்தக் காற்று அடிக்கும், எந்த மீன் படும், சம்மாட்டியாருக்கு எத்தனை பங்கு போகும் என்று அவர் விபரிப்பார். கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டு, நடுப்பகுதியைக் கிழித்துப்போட்டு, மறுநாட் காலை அந்த அரைமணி நேரத்தில் மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.